பன்னிரண்டு பக்கம் கேட்டு எட்டு வாங்கியவர்: ‘மாஸ்டர் ரேஸ்’ கதையின் கட்டங்கள்

சுரங்க ரயில் நிலையம். ஒருவன் ஓடி வந்து நடைமேடையின் விளிம்பில் கால் தவறித் தண்டவாளத்தை நோக்கி விழுகிறான். ரயில் வந்துகொண்டிருக்கிறது. இந்தக் காட்சியை வரையச் சொன்னால் பெரும்பாலான காமிக்ஸ் ஓவியர்கள் பெரிய கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். கை கால் விரிந்த உடல், கண்ணைப் பறிக்கும் ரயில் விளக்கு, கட்டத்தை அடைத்துக்கொண்டு ஒரு அலறல். அத்தோடு காட்சி முடிந்துவிடும். பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் அதை ஒல்லியான கட்டங்களாக நறுக்கி, இரண்டு வரிசைகளுக்கு நீட்டினார். அந்த இரண்டு வரிசையிலும் ஒரு சொல்கூடக் கிடையாது.

அவர் இதை வரைந்த ‘மாஸ்டர் ரேஸ்’ எட்டே பக்கக் கதை. அமெரிக்காவின் இசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘இம்பாக்ட்’ என்ற இதழின் முதல் எண்ணில், 1955 மார்ச்-ஏப்ரல் தேதியிட்டு வந்தது. கட்டங்களை அடுக்கும் விதம் ஒரு கதையின் வேகத்தையும் மனநிலையையும் என்ன செய்யும் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். இதில் அந்தக் கேள்விக்கான விடை, ஓவியர் கதையை உண்மையாகவே வெட்டி ஒட்டிய தடமாகக் கிடைக்கிறது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாமல் இந்த ஆய்வைப் படிக்க முடியாது.

கார்ல் ரைஸ்மன் என்ற ஜெர்மானியன், போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வாழ்கிறான். சுரங்க ரயிலுக்காகப் படியிறங்கி வருகிறான். அவனால் எதையும் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு முகமும் அவனுக்குப் பயத்தைத் தருகிறது. கதை முழுவதும் அவனை ‘நீ’ என்று அழைத்தே சொல்லப்படுகிறது. ரயிலில் அவன் உட்கார்ந்திருக்க, கறுப்பு உடை அணிந்த ஒருவர் ஏறுகிறார். அந்த முகத்தை ரைஸ்மனுக்கு அடையாளம் தெரிகிறது. அங்கிருந்து பழைய நினைவுகள்: ஹிட்லரின் எழுச்சி, எரிக்கப்பட்ட புத்தகங்கள், வதைமுகாம். இவ்வளவு நேரமும் ரைஸ்மன் முகாமிலிருந்து தப்பிவந்த யூதக் கைதி என்றுதான் வாசகர் நினைத்துக்கொண்டிருப்பார். அவன் அந்த முகாமின் தலைமை அதிகாரி என்பது பிறகே தெரியவரும். கறுப்பு உடைக்காரர் அவனைப் பழிவாங்குவேன் என்று சபதம் செய்த கைதி. ரயில் நிற்கிறது. ரைஸ்மன் இறங்கி ஓடுகிறான், அவர் பின்னால் வருகிறார், அவன் விழுகிறான். ‘இவரை உங்களுக்குத் தெரியுமா’ என்று கேட்பவர்களிடம், முன்பின் தெரியாத ஆள் என்று சொல்லிவிட்டு அவர் நடந்துபோகிறார்.

கதையில் வரும் முகாமின் பெயர் பெல்சன். நிஜமான பெர்கன்-பெல்சன் முகாமின் கடைசித் தலைமை அதிகாரி யோசஃப் கிராமர் விசாரணைக்குப் பிறகு 1945 டிசம்பரிலேயே தூக்கிலிடப்பட்டான். ஆகவே ரைஸ்மன் முழுக்கக் கற்பனை. ஆனாலும் 1955-இல், அதுவும் பத்து சென்ட் விலையில் சிறுவர்கள் வாங்கிப் படிக்கும் ஒரு காமிக்ஸ் இதழில், வதைமுகாம்களைப் பற்றி நேராகப் பேசிய கதை இது. அமெரிக்க வெகுஜன ஊடகங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே தயங்கிய காலம்.

எழுத்து முதலில், படம் பிறகு

கிரிக்ஸ்டீன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய, இசி நிறுவனத்தில் ஒரு பக்கம் எப்படி உருவானது என்று தெரிந்திருக்க வேண்டும். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸும் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டீனும் சேர்ந்து கதைக்கருவைப் பிடிப்பார்கள். ஃபெல்ட்ஸ்டீன் வரைபலகையிலேயே கட்டங்களைப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு விவரணை, எங்கே வசனம் என்று எழுதிவிடுவார். பிறகு லெராய் என்ற எழுத்து அச்சுக் கருவியை வைத்து எழுத்துகளை மையில் எழுதுவார்கள். ஓவியர் கைக்குப் பலகை வரும்போது கட்டங்களின் கோடுகளும் எழுத்துகளும் தயாராக இருக்கும். மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தில் படம் போட வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை.

அதாவது கதை எங்கே ஓட வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் ஓவியரிடம் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடும். ஃபெல்ட்ஸ்டீனுக்கு விவரணை எழுதுவதில் கை தாராளம். பல கட்டங்களில் மேல்பாதியை எழுத்தே பிடித்துக்கொள்ளும். படத்தில் என்ன தெரிகிறதோ அதையே எழுத்தும் சொல்லும். வாலி வுட், ஜாக் டேவிஸ், கிரஹாம் இங்கல்ஸ் போன்ற பெரிய கைகள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் அற்புதங்களைச் செய்தன. அதே நிறுவனத்தில் ஹார்வி கர்ட்ஸ்மன் தன் இதழ்களுக்குப் பக்க அமைப்பைத் தானே வரைந்து கொடுத்து, ஓவியர்கள் அதிலிருந்து விலகக் கூடாது என்று கறாராக நின்றவர். எந்த வழியில் போனாலும் பக்கத்தின் தாளம் ஓவியருக்குச் சொந்தமில்லை.

கிரிக்ஸ்டீன் இதற்கு ஒத்துப்போகிற ஆள் இல்லை. 1919-இல் புரூக்லினில் பிறந்தவர், யூதர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், அடிப்படையில் ஓவியக்கலை பயின்று வந்தவர். 1952-இல் காமிக்ஸ் ஓவியர்களுக்காக ஒரு சங்கம் அமைக்க முன்னின்றார், அது நிலைக்கவில்லை. காமிக்ஸ் ஒரு தீவிரமான கலை என்று அவர் நம்பினார். அப்படி நம்பியவரிடம் வேறு ஒருவர் கட்டம் போட்ட பலகையைக் கொடுத்தால் என்ன ஆகும்?

‘மாஸ்டர் ரேஸ்’ ஆறு பக்கக் கதையாகத்தான் அவரிடம் வந்தது. படித்துவிட்டுப் பன்னிரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டார். பேச்சு எட்டில் முடிந்தது. உடனே அவர் எழுத்துகள் இருந்த பலகைகளை வெட்டினார். விவரணைத் துண்டுகளைத் தனித்தனியாக எடுத்து, புதிய பலகைகளில் தனக்கு வேண்டிய இடத்தில் ஒட்டினார். கட்டங்களைத் தானே புதிதாகப் பிரித்தார்.

ஒரு சின்னக் கணக்கு. எழுத்தின் அளவு அதேதான். இடம் மட்டும் ஆறிலிருந்து எட்டாகியது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்தக் கூடுதல் இடத்தை எல்லாப் பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால், படங்கள் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், கொஞ்சம் காற்றோட்டம் வந்திருக்கும், யாரும் இன்று இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் அதைச் சேமித்து வைத்து, துரத்தலிலும் விழுதலிலும் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஒல்லிக் கட்டம் உண்மையில் என்ன செய்கிறது

காமிக்ஸ் வரையப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம்: சின்னக் கட்டம் என்றால் வேகம், பெரிய கட்டம் என்றால் நிதானம். பாதி உண்மைதான். கண்ணைப் பொறுத்தவரை சரி. எழுத்தில்லாத ஒல்லிக் கட்டத்தைக் கண் சட்டென்று தாண்டிவிடும். ஆனால் கதைக்குள் ஓடும் நேரம் வேறு. ஒரு விநாடி நிகழ்வை ஐந்தாறு கட்டமாகப் பிரித்தால் கதைக்குள் அந்த விநாடி இழுபடுகிறது. வாசகரின் கண் ஓடுகிறது, கதையின் கடிகாரமோ நகர மறுக்கிறது. கனவில் எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் நிற்போமே, அந்த உணர்வு இந்த இரண்டும் உரசும் இடத்தில்தான் வருகிறது. ரைஸ்மனின் ஓட்டத்தைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒருமுறை கடைசிப் பக்கங்களை நகலெடுத்துக் கத்தரித்தேன். விழும் வரிசைகளில் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டேன். கதை அப்படியே புரிகிறது. ஒருவன் இடறினான், ரயில் வந்தது, செத்தான். செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் விபத்து போல ஆகிவிட்டது. பயம் முழுக்க நான் வெட்டிப் போட்ட துண்டுகளில் இருந்திருக்கிறது.

கட்டங்களின் உருவத்துக்கும் இதில் பங்கு உண்டு. குறுக்கே நீண்ட கட்டம் என்றால் கண் அதில் இடமிருந்து வலமாக நடக்கும். அடிவானம் தெரியும், விடுதலை தெரியும். நெட்டுக்குத்தான ஒல்லிக் கட்டத்தில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம் இருக்கும். ஓடுகிறவனை அதற்குள் போட்டால் ஓட இடமே இல்லை. சுரங்க நிலையத்தின் தூண்களும் கட்டங்களின் ஓரக்கோடுகளும் ஒன்றோடொன்று கலந்து, நடைமேடை முழுக்கக் கம்பி போட்டது போல ஆகிவிடுகிறது. முகாமில் மற்றவர்களை அடைத்து வைத்தவன் இப்போது பக்கத்துக்குள் அடைபட்டிருக்கிறான். இதை எழுத்தில் யாரும் சொல்லவில்லை. கட்டத்தின் அகலம் மட்டும் சொல்கிறது.

ரயில் கடந்துபோகும் படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓடும் ரயிலைக் காட்ட அந்தக் காலத்தில் வழக்கமாக வேகக்கோடுகளை இழுப்பார்கள். கிரிக்ஸ்டீன் ஜன்னலுக்குள் இருக்கும் முகங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே முகம், பக்கத்தில் அதே முகம், மறுபடியும் அதே முகம். நாம் நடைமேடையில் நின்று ரயில் போவதைப் பார்க்கும்போது கண்ணில் படுவது ஏறக்குறைய இதுதான். 1912-இல் ஓவியர் ஜாகோமோ பாலா கயிற்றில் கட்டி நடத்திச் செல்லப்படும் நாயின் கால்களை ஏராளமாக வரைந்தார், மார்செல் டூஷாம்ப் படியிறங்கும் உருவத்தைப் பல உருவங்களாக அடுக்கினார். ஓவியக் கண்காட்சிகளில் பார்த்த அந்த உத்தி பத்து சென்ட் இதழின் மலிவுத் தாளுக்கு வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது: இந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே பல கட்டங்கள் இருக்கின்றன. ஜன்னல்களே குட்டிக் கட்டங்கள். ஆக, ரயிலே நகரும் ஒரு காமிக்ஸ் வரிசையாக மாறிவிடுகிறது.

இந்தப் பக்கங்களைச் சினிமா மாதிரி என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. சினிமாவில் ஒரு பிம்பம் வந்தால் முந்தையது போய்விடும். காமிக்ஸ் பக்கத்தில் எதுவும் போவதில்லை. ரைஸ்மனின் கால் இடறும் கணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணோரத்தில் கீழ் வரிசையில் ரயில் தெரிந்துவிடுகிறது. அவனுக்கு இன்னும் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டது. அவன் விழுந்து முடிந்த பிறகும் மேல் வரிசையில் விழுந்துகொண்டேதான் இருக்கிறான். எல்லாக் கணங்களும் ஒரே தாளில் ஒன்றாகக் கிடக்கும் இந்த வசதி திரைக்குக் கிடையாது. கிரிக்ஸ்டீனே பிறகு ஒரு பேட்டியில், கட்டங்களுக்கு நடுவே நடப்பவைதான் சுவாரசியமானவை, அவற்றைப் பார்க்க நமக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். அந்த இடைவெளிகளுக்குள் புகுந்து வரைய முயன்றவர் அவர்.

எங்கே பலவீனம்

கதை முழுக்க ஒரே தரத்தில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடுவில் வரும் பழைய நினைவுகளில் எழுத்தின் பாரம் அதிகம். ஜெர்மனியின் ஒரு யுகத்தையே சொல்ல வேண்டும், ஃபெல்ட்ஸ்டீனின் விவரணையோ அடர்த்தியானது, அதை வெட்டி ஒட்டலாமே தவிரக் குறைக்க ஓவியருக்கு உரிமை இல்லை. அந்தப் பக்கங்களில் படம் எழுத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்பது தெரிகிறது. பன்னிரண்டு பக்கம் கிடைத்திருந்தால் அங்கேயும் மௌனம் வந்திருக்குமோ என்ற ஏக்கம் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வருகிறது.

ஆனால் அந்தப் பாரத்தாலும் ஒரு லாபம் உண்டு. எழுத்து நெரிசலான பக்கங்களை மெதுவாகப் படித்துக் களைத்துப் போய் வரும்போதுதான், சொல்லே இல்லாத அந்த இரண்டு வரிசையை எட்டுகிறோம். அதுவரை ‘நீ இதைச் செய்தாய், நீ அதைப் பார்த்தாய்’ என்று காதுக்குள் பேசிக்கொண்டே வந்த குரல் திடீரென்று நின்றுவிடுகிறது. முன்பக்கங்களில் அவ்வளவு சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த அமைதி காதில் விழுந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. 1986-87-இல் வந்த ‘வாட்ச்மென்’ காமிக்ஸ் தொடரில் ஓவியர் டேவ் கிப்பன்ஸ் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டச் சட்டகத்தை அடிப்படையாக வைத்தார். கடிகார முள் போல ஒரே சீரான தட்டு. எப்போதாவது இரண்டு மூன்று கட்டங்கள் சேர்ந்து ஒன்றானால், அந்தச் சின்ன மாற்றமே இடி விழுந்தது போலக் கேட்கும். கிரிக்ஸ்டீனிடம் அப்படி ஒரு அடித்தட்டு இல்லை. அவருடைய பக்கம் மனிதனின் மூச்சு போல ஏறி இறங்குகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், பயத்தைச் சொல்ல மூச்சுதான் பொருத்தம் என்பேன். விதியைச் சொல்லக் கடிகாரம்.

நம் ஊரில் இதை ஒரு தலைகீழ் வழியில் கற்றுக்கொண்டவன் நான். கையடக்க அளவில் வந்த பழைய தமிழ் காமிக்ஸ் சிலவற்றில், பெரிய பக்கத்துக்காக வரையப்பட்ட வெளிநாட்டுக் கதைகளின் கட்டங்களைப் பிரித்துச் சின்னப் பக்கத்துக்கு ஏற்றபடி மாற்றி அடுக்கியிருப்பார்கள். விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் வேறு வழியில்லை. அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் எனக்குக் காமிக்ஸே அறிமுகமாகியிருக்காது. பல வருடம் கழித்து அதே கதையை மூல அளவில் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு படமும் எனக்கு மனப்பாடம். ஆனால் கதை வேறு வேகத்தில் ஓடியது. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து நிற்க வேண்டிய அதிர்ச்சி, என் சிறுவயதுப் பிரதியில் பக்கத்தின் நடுவில் எங்கோ சாதாரணமாகக் கடந்துபோயிருந்தது. அப்புறம் கிரிக்ஸ்டீன் பலகைகளை வெட்டி ஒட்டினார் என்று படித்தபோது, அவர் எதற்காகச் சண்டை போட்டார் என்பது எனக்கு உடனே பிடிபட்டது.

பிறகு நடந்தவை

கதை வந்த நேரம் மோசமான நேரம். 1954 ஏப்ரலில் அமெரிக்க செனட்டின் துணைக்குழு காமிக்ஸ் இதழ்களை விசாரித்தது. கெய்ன்ஸ் நேரில் சாட்சி சொன்னார். அதே ஆண்டு பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இசி தன் திகில் இதழ்களை நிறுத்திவிட்டுப் புதிய இதழ்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்றுதான் ‘இம்பாக்ட்’. ஐந்து எண்களோடு அது நின்றுபோனது.

கிரிக்ஸ்டீன் சில ஆண்டுகளில் காமிக்ஸை விட்டு விலகினார். பத்திரிகை, புத்தக ஓவியங்கள் வரைந்தார். பிறகு நியூயார்க்கில் ஒரு கலைப் பள்ளியில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்தார். 1990-இல் காலமானார். கதையை மறக்க விடாமல் வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். ஆர்ட் ஸ்பீகல்மன் மாணவராக இருந்தபோதே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு ஜான் பென்சன், டேவிட் கசகோவ் ஆகியோரோடு சேர்ந்து கட்டம் கட்டமாகப் பிரித்து ஆராய்ந்தது 1975-இல் ரசிகர் இதழ் ஒன்றில் வந்தது. நாஜி முகாம்களில் தப்பிய பெற்றோருக்குப் பிறந்தவர் ஸ்பீகல்மன். வதைமுகாம்களைப் பற்றி அவர் வரைந்த ‘மௌஸ்’ 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது.

இந்தக் கதையை இரண்டாவது முறை படிக்கும்போதுதான் முதல் பக்கம் தன் வேலையைக் காட்டுகிறது. முதல் வாசிப்பில் ரைஸ்மன் பாதிக்கப்பட்டவன் என்று நம்பி, அவன் படியிறங்கி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்காகப் பயந்தோம். இருட்டு, இரும்பு, சத்தமிட்டு வரும் ரயில், ‘உன்னால் மறக்க முடியாது’ என்னும் குரல். இரண்டாவது முறை அவன் யார் என்று தெரியும். கட்டங்கள் அதே கட்டங்கள், கோடுகூட மாறவில்லை. இப்போது அதே நெருக்கடி, வேட்டைக்காரன் ஒருவன் தன் முறை வருமென்று அஞ்சும் நெருக்கடியாகத் தெரிகிறது. கறுப்பு உடைக்காரர் உண்மையிலேயே அந்தக் கைதிதானா, அல்லது ரயிலிலிருந்து இறங்கித் தன் வழியில் நடந்த யாரோ ஒருவரா என்ற சந்தேகமும் இரண்டாவது வாசிப்பில்தான் எழுகிறது. அவர் ரைஸ்மனைத் தொடுவதில்லை. அவர் பின்னால் வருவதும் இவன் ஓடுவதும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் துரத்தல் என்று படித்தது நாம்தான். முன்பின் தெரியாத ஆள் என்று அவர் சொல்வது பொய்யா உண்மையா என்பது அந்த வெள்ளை இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது.